மகனுக்குப் பதில் வந்தவன்

— ரேமி எடுத்து வைக்கிற அடி சின்னதா இருக்கு, டார்லீன். அதான் என் குறை. முதல் மூணு அடியில வேகம் பிடிக்கலைன்னா, பெரிய லீக்ல எவனாவது அவனை மடிச்சுப் பாக்கெட்ல போட்டுட்டுப் போயிடுவான்.

— இதை டிசம்பர்லயே யோசிச்சிருக்கணும் ஓரெஸ்ட். பெத்த மகனைக் குடுத்து அவனை வாங்கறதுக்கு முன்னாடி.

— ஆரம்பிச்சுட்டியா?

— நான் எங்க ஆரம்பிச்சேன்? நீ ஆரம்பிச்சு வச்சதைத்தான் பேசறேன். இந்தா காபி. மூடியை மெல்லத் திற. போன ஆட்டத்துல பேன்ட்ல ஊத்திக்கிட்டு, ஐஸ் வேணும்னு கத்தினே. உக்காந்திருக்கறது ஐஸ் ஹாக்கி அரங்கத்துல!

— சரி சரி. ரெண்டாவது பீரியட் தொடங்கப்போகுது. பேசாம பாரு.

— நம்ம பிள்ளை எங்கே? காணோமே.

— எந்தப் பிள்ளை?

— என்ன கேள்வி இது? டாரஸ்! நம்ம வீட்டுல இன்னும் எத்தனை பிள்ளை இருக்கு?

— இப்ப நம்ம வீட்டுல ரேமி இருக்கானே. அதான் கேட்டேன்.

— ரேமி இருக்கான். டாரஸோட ரூம்ல, டாரஸோட கட்டில்ல, டாரஸோட போர்வையைப் போத்திக்கிட்டு. வெளியூர்ப் பையனைத் தங்கவைக்க இந்த ஊர்ல வேற வீடே கிடைக்கலையா உனக்கு?

— கேட்டேன் டார்லீன். எல்லாரும் கோபத்துல இருந்தாங்க. யாரும் கதவைத் திறக்கலை. அதோ பாரு உன் மகன், கதவுகிட்ட. தலைக்கவசப் பட்டையைக் கடிச்சுக்கிட்டு.

— பச்சைச் சட்டை அவனுக்கு எடுக்கவே இல்லை. காய்ச்சல்காரன் மாதிரி இருக்கான். மூணு வருஷம் நம்ம நீலத்துல பார்த்த கண்ணு. அய்யோ, நம்ம ஊர்க்காரங்களே அவனைப் பாத்து ஊளையிடறாங்களே!

— எதிரணியில வந்தா ஊளையிடத்தான் செய்வாங்க. இங்க ஆடினப்பவும் இட்டவங்கதானே.

— அது வேற. அப்போ "மேனேஜர் மகன், அதான் எடுத்திருக்காங்க"ன்னு ஊளையிட்டாங்க. பின்வரிசையில அந்த எல்டன் என்னமோ கத்தறான், கேட்டுச்சா?

— கேக்கலை.

— உனக்குக் கேக்காது. "மகனைக் குடுத்துக் குள்ளனை வாங்கினே, அடுத்து பொண்டாட்டியைக் குடுத்து என்ன வாங்கப்போறே"ங்கறான். இரு... எல்டன்! உன் டீசல் வண்டிக்குப் பதிலாக் கேட்டிருந்தா நானே வந்திருப்பேன்யா! ஆனா அது ஓடணுமே! ... பாத்தியா, அவன் பொண்டாட்டியே சிரிக்கிறா.

— உக்காரு டார்லீன். ஐஸ்ல வட்டைப் போட்டுட்டாங்க. இப்ப ரேமியை மட்டும் பாரு. வட்டைப் பாக்காதே, அவனைப் பாரு.

— பாக்கறேன். கோழி குப்பையைக் கிளறற மாதிரி ஓடறான்.

— அதைத்தான் நானும் சொன்னேன். சரி, இப்போ? வட்டு அவன்கிட்ட வரப்போகுது. வர்றதுக்கு முன்னாடி என்ன செஞ்சான்?

— திரும்பிப் பாத்தான். ரெண்டு தோளுக்கும் மேலே.

— அதான். அதுக்குத்தான் அவனை வாங்கினேன். வட்டு கைக்கு வந்தப்புறம் யோசிக்கிறவன் ஆயிரம் பேர். வர்றதுக்கு முன்னாடியே யார் எங்க நிக்கிறாங்கன்னு தெரிஞ்சு வச்சிருக்கறவன் எங்கேயோ ஒருத்தன்.

— வீட்டுலயும் அப்படித்தான். சமையலறை வாசல்ல நின்னு ஒரு பார்வை பாப்பான். நான் சூடான சட்டியோட எந்தப் பக்கம் திரும்புவேன்னு அவனுக்குத் தெரியும். இதுவரைக்கும் ஒரு தடவை என்மேல இடிச்சதில்லை. நீ இருபத்தஞ்சு வருஷமா இடிச்சுக்கிட்டே இருக்கே.

— என்னை யாரும் எந்த லீக்லயும் எடுக்கலையே.

— அவங்க அம்மா நேத்து மூஸ் மான் கறி அனுப்பியிருந்தா. வடக்கே இருந்து, ஏரிக்கரையில இருந்து, யாரோ லாரியில வந்தவன்கிட்ட குடுத்து. கூட ஒரு துண்டுச் சீட்டு, "உங்க மகனும் வெளியில சாப்பிடறான்னு கேள்விப்பட்டேன், இது உங்களுக்கு"ன்னு. அழுதுட்டேன் ஓரெஸ்ட்.

— என்கிட்ட சொல்லவே இல்லையே.

— நீ மட்டும் எல்லாத்தையும் என்கிட்ட சொல்றியா?

— எதை நான் சொல்லலை?

— சொல்லு. நார்த் ஃபோர்க் அணிக்காரங்களுக்குத் தடுத்து ஆடற டிஃபென்ஸ் ஆள் வேணும், சரி. நம்மகிட்ட நாலு பேர் இருந்தாங்க. மெக்கேயைக் குடுத்திருக்கலாம். அந்த நெட்டையனைக் குடுத்திருக்கலாம். ஏன் டாரஸ்?

— அவங்களுக்குப் பிடிச்சிருந்துச்சு.

— அவ்வளவுதானா?

— அவ்வளவுதான்.

— வேற எதுவும் இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லு.

— ஆட்டத்தைப் பாரு டார்லீன்.

— வியாழக்கிழமை அணிக் கமிட்டி கூடுதாமே. உன்னை மேனேஜரா வச்சுக்கறதா அனுப்பறதான்னு. தபாலாபீஸ்ல வர்றவன் போறவன் எல்லாம் என்கிட்ட துக்கம் விசாரிக்கிறான். சொந்த மகனையே மாத்தினவன், நாளைக்கு ஊரையே மாத்திடுவான்னு பேசறாங்க. அதுக்காவது ஒரு பதில் சொல்ல வேண்டாமா நீ?

— ரேமி ஆடினா அதுதான் பதில். ஆடலைன்னா நான் என்ன சொன்னாலும் எடுபடாது. ஏய், ஏய்! அவன் மூலைக்குள்ள போறான்... டாரஸ் வர்றான்... அய்யோ!

— அடப்பாவி! டாரஸ்! கொன்னுட்டியேடா! ரேமி! எந்திரி கண்ணு, எந்திரி!

— யாரைத் திட்டறே, யாருக்காகக் கத்தறே?

— ரெண்டு பேருக்கும் நான்தானே சமைச்சுப்போட்டேன், யாருக்காக வேணாக் கத்துவேன்! சுத்துப் பலகையே பிளந்த மாதிரி சத்தம். எந்திரிச்சுட்டானா?

— எந்திரிச்சுட்டான். தப்பான அடி இல்லை, தோளால நேரா அடிச்சான். நடுவரே கையைத் தூக்கலை. டார்லீன், உன் மகன் இந்த மாதிரி ஒரு அடி நம்ம சட்டையில அடிச்சுப் பாத்திருக்கியா?

— இல்லை.

— நானும் பாத்ததில்லை. இங்க ஒவ்வொரு தடவையும் அடிக்கறதுக்கு முன்னாடி மேலே என்னைத் திரும்பிப் பாப்பான். இன்னைக்கு ஒரு தடவைகூடப் பாக்கலை.

— அதுல உனக்கு என்ன சந்தோஷம்? மூஞ்சி மலர்ந்திருக்கு.

— சந்தோஷம்னு யார் சொன்னா? குளிர்ல மூஞ்சி இழுத்துக்குது.

— ரேமி அவன்கிட்ட என்னமோ சொல்லிக்கிட்டே போறான் பாரு. சிரிக்கிறானா?

— ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க.

— இடிச்சவனும் சிரிக்கிறான், இடிபட்டவனும் சிரிக்கிறான். நான்தான் இங்க நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். காபியைக் குடு இப்படி.

— எல்லாத்தையும் குடிச்சுட்டேன்.

— நல்ல மனுஷன்.

— இடைவேளையில வாங்கித் தர்றேன். உருளைக்கிழங்கு வறுவலும் சேத்து. வினிகர் தூக்கலா.

— லஞ்சம் குடுத்தாலும் என் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

— தெரியும்.

— இடைவேளை விட்டுட்டாங்க. போய் வாங்கிட்டு வா.

— வறுவல் எப்படி இருக்கு?

— நல்லா இருக்கு. கடைசி பீரியட் முடியப்போகுது, ரெண்டுக்கு ரெண்டு. உன் குள்ளன் இன்னும் ஒரு கோல் போடலை.

— போடமாட்டான். அவனுக்கு ஷாட் கிடையாது. மட்டையால துடைக்கிற மாதிரி தட்டறான். கோடையில ரப்பர் பாய் போட்டு, கராஜ்ல தினமும் அடிக்கவைக்கணும். அந்தச் சின்ன அடியையும் சரி பண்ணலாம். முழங்கால் மடங்கறது பத்தலை, அவ்வளவுதான். அது கத்துக்குடுக்கற விஷயம். கத்துக்குடுக்க முடியாதது அவன்கிட்ட ஏற்கனவே இருக்கு.

— கோடையிலயும் நம்ம வீட்டுலதானா?

— உனக்குக் கஷ்டமா இருந்தா வேற வீடு பாக்கறேன்.

— வேற வீடு பாத்தே, உன்னையும் சேத்து அங்கேயே அனுப்பிடுவேன். அவன் பாத்திரம் கழுவறான்யா. பக்கத்து வீட்டுக் கிழவி வாசல்ல பனியை அள்ளிப் போட்டுட்டு ஒண்ணும் தெரியாதவன் மாதிரி வந்து உக்காந்துக்கறான். ராத்திரி அம்மாகிட்ட அவங்க பாஷையில பேசறது கேக்கறப்போ... வீடு காலியா இல்லைன்னு இருக்கு.

— அப்போ என் வாங்கல் மோசமில்லைங்கறே.

— பையனைச் சொன்னேன். உன்னைச் சொல்லலை.

— எந்திரி டார்லீன்! எந்திரி, எந்திரி! ரேமிகிட்ட வந்துடுச்சு!

— எதிர்ல யாரு? டாரஸா?

— டாரஸ்தான். ரெண்டு பேரும் தனியா. பாரு, இவன் வேகத்தைக் குறைக்கிறான்...

— ஏன்டா நிக்கிறே? ஓடுடா!

— நிக்கலை. இழுக்கறான். டாரஸை ஓரத்துக்கு இழுக்கறான். இன்னும் வச்சிருக்கான்... இன்னும் வச்சிருக்கான்... டாரஸ் படுத்து மறைக்கிறான், நல்லாதான் மறைக்கிறான்...

— பின்னாடி! பின்னாடி தட்டிட்டான்! திரும்பிக்கூடப் பாக்கலை!

— மெக்கே! அடி! ... கோல்! கோல்! டார்லீன், கோல்!

— என் வறுவல்! போச்சு, எல்லாம் முன்வரிசைக்காரி தலையில!

— போகட்டும்! பாத்தியா? முதல்லயே தெரியும் அவனுக்கு, மெக்கே பின்னாடி வர்றான்னு. டாரஸ் செஞ்சதுல ஒரு தப்பும் இல்லை. அந்த இடத்துல இந்த லீக்ல வேற எவன் நின்னிருந்தாலும் ஏமாந்திருப்பான்.

— மகன் ஏமாந்ததுக்குக் குதிக்கிற அப்பனை இன்னைக்குத்தான் பாக்கறேன்.

— மகன் நல்லா ஆடினதுக்கும் சேத்துத்தான் குதிக்கிறேன். எல்டன் என்ன கத்தறான் இப்போ?

— "லாவலி! லாவலி!"ங்கறான். ரேமியோட குடும்பப் பேரு அவனுக்கு எப்ப தெரிஞ்சுதாம்? இதுவரைக்கும் குள்ளன்தானே?

— இனிமே அவனே கமிட்டியில போய், இந்தப் பையனை வாங்கச் சொன்னது நான்தான்னு சொல்லுவான்.

— சொல்லட்டும். ஜெயிச்சாச்சு, மணி அடிச்சுட்டாங்க. பாரு, கைகுலுக்க வரிசையா வர்றாங்க. டாரஸ் ரேமியைக் கட்டிப் பிடிச்சுட்டான். நீ ஏன் கண்ணைத் துடைக்கிறே?

— வினிகர்.

— வறுவல் தின்னது நான்.

— விடு டார்லீன்.

— விடறேன். ஆனா கடைசியா ஒரு தடவை கேக்கறேன். ஏன் டாரஸ்? எதுவா இருந்தாலும் நான் தாங்குவேன்.

— நான்தான் முடிவு பண்ணேன். நல்ல ஆளை வாங்க நல்ல ஆளைக் குடுக்கணும். என்மேல கோபம்னா கோபமாவே இரு. அவன்கிட்ட மட்டும் காட்டாதே. அதோ, உடை மாத்திக்கிட்டுப் படியேறி வர்றான்.

— அம்மா! வறுவல் வச்சிருக்கியா எனக்கு?

— வாடா என் ராசா! முன்வரிசைக்காரி தலையில இருக்கு, போய் எடுத்துக்கோ. இளைச்சுட்டே. கோட்டு, டை எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உள்ளே ஆளைத்தான் காணோம். அங்க என்னதான் போடறாங்க உனக்கு?

— நல்லாத்தாம்மா போடறாங்க. பஸ் கிளம்பப்போகுது, ரெண்டு நிமிஷம்தான் கேட்டு வந்தேன். அப்பா, பாத்தீங்களா? அன்னைக்கு அங்க என்னை ஏமாத்தினான்னு சொன்னேன்ல, அதே தட்டு! தெரிஞ்சிருந்தும் மறுபடி ஏமாந்தேன்!

— டாரஸ், பஸ் போயிடும். கிளம்பு.

— இல்லப்பா, இன்னைக்குச் சொல்லிடறேன். ரேமி எல்லாம் சொன்னான், வீட்டுல அம்மா உங்களைப் படுத்தற பாடு. அம்மா, அப்பாவைத் திட்டாதே. ரேமியை முதல்ல பாத்தது நான். நவம்பர்ல நார்த் ஃபோர்க்ல ஆடினப்போ. எதிர்ல நிக்கிற டிஃபென்ஸ்காரனுக்குத்தான் அவன் யாருன்னு தெரியும். அவனை அவங்க அதிகம் ஆடவிடாம ஓரமா உக்காரவச்சிருந்தாங்க. அப்பாகிட்ட நான்தான் சொன்னேன், என்னைக் குடுத்து அவனை வாங்குங்கன்னு. இங்க எத்தனை வருஷம் ஆடினாலும் நான் மேனேஜர் மகன்தான்மா. அப்பா முடியவே முடியாதுன்னாரு. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன். வீட்டை விட்டுப் போக நானே கேட்டேன்னு தெரிஞ்சா நீ உடைஞ்சு போயிடுவேன்னு, உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினதும் நான்தான்.

— டார்லீன்... அவன் சின்னப் பையன். அவன்மேல கோபப்படாதே.

— கோபம் என்ன கோபம்? பேஸ்மென்ட்ல நீங்க ரெண்டு பேரும் குசுகுசுன்னு பேசினது அன்னைக்கே ஹீட்டர் குழாய் வழியா ஏறிவந்து என் அடுப்படியில விழுந்துடுச்சுடா. உங்கப்பன் எப்ப உன்னைக் காட்டிக்குடுப்பாருன்னுதான் இத்தனை நாளும் குத்திக் குத்திப் பாத்தேன், மனுஷன் வாயைத் திறக்கவே இல்லை.