துப்பினவன் பேச்சு

வாயில் தண்ணீர் வைத்திருக்கிறவனால் கத்த முடியாது. இதைத் தெரிந்துகொள்ளப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன்.

நீங்கள் கேட்டது ஒன்றுதான். கருவேலங்குளத்துக் கரை உடைந்த அன்று, அதைச் சொல்ல வந்த சின்னையனை நான் ஏன் பேச விடவில்லை என்று. சொல்கிறேன். நீங்கள் மலையாளத்தில் எழுதுகிறீர்கள், எனக்கு அதை வாசித்துப் பார்க்க வழியில்லை. ஒன்றைக் கூட்டாமலும் குறைக்காமலும் எழுதுங்கள். உத்தியோகஸ்தன் எழுதுவதை நான் எந்தக் காலத்திலும் நம்பினதில்லை. எழுதித்தான் என் நிலத்தைப் பிடுங்கினீர்கள்.

கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே எங்கள் குளம். அந்தத் தண்ணீர் பாய்கிற நிலம் யார் யாருக்கு உண்டோ அவர்கள் எல்லாம் மாதம் ஒரு முறை களத்துச் சாளைக் கொட்டகையில் கூடுவோம். யாருக்கு முதல் மடை, எவன் ஆடு கரையை மிதித்தது, வாய்க்கால் தூர்வார எவன் வரவில்லை, இதுதான் பேச்சு. நிலச் சட்டம் வருமுன் இருபது பேர் வருவோம். வந்த பிறகு குத்தகைக்காரன் எல்லாம் நிலக்காரன் ஆனான், கூட்டம் அறுபது பேர் ஆயிற்று. ஒவ்வொருத்தனும் ஒரு கட்சி. மடையைப் பற்றிப் பேச எழுந்தவன் டெல்லியில் போய் நிற்பான். ஒரு தடவை குப்பண்ணன் காது மண்வெட்டிப் பிடியால் கிழிந்தது. அதற்குப் பிறகுதான், ஆறுமுகசாமி அதிகம் பேசாத ஆள், கூட்டத்தை அவர் நடத்தட்டும் என்று என்னை உட்கார வைத்தார்கள்.

எனக்குக் கோபம் வராது என்று நினைத்தார்கள். வரும். வராத மாதிரி உட்காரத் தெரியும்.

நான் ஒரு ஏற்பாடு செய்தேன். என் பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு இருக்கும். எவன் குரலை உயர்த்துகிறானோ அவனிடம் அதை நீட்டுவேன். ஒரு வாய் தண்ணீரை வாங்கி அப்படியே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். சூடு ஆறியது என்று எனக்குத் தோன்றினால் விரலைக் காட்டுவேன், வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து பேசலாம். நான் காட்டுமுன் துப்பினாலோ விழுங்கினாலோ அன்றைக்கு அவன் பேச்சு செல்லாது. அவன் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, எழுந்திருக்கவும் கூடாது.

முதலில் சிரித்தார்கள். குப்பண்ணன் வாயில் தண்ணீரோடு தூங்கி, மீசை வழியாக ஒழுகவிட்டான். மருதாத்தாள் என்று ஒரு விதவை, புருஷன் நிலத்துக்காகக் கூட்டத்துக்கு வருகிறவள். "இந்தச் சொம்பை எங்கூட்டுக்கு ஒரு மாசம் குடுங்க, எம் மாமியாளுக்கு வேணும்" என்றாள். சிரித்தாலும் பழகிக்கொண்டார்கள். அடிதடி நின்றது. கோவிந்தாபுரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தனும் என்னை எதிர்த்துக் கேட்டதில்லை. கேட்டால்தான் சொம்பு இருக்கிறதே.

சின்னையன் எனக்கு மருமகன் முறை. கரைக்குக் கீழே பள்ளத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருந்தான். அது என் நிலம். சட்டம் வந்து அவனுக்குப் போயிற்று. அதற்காகச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். பேனா அங்கேதான் போகும் என்று எனக்குத் தெரியும். அவனும் அவன் பெண்டாட்டி காளியாத்தாளும் அங்கேயே குடியிருந்தார்கள். அவளுக்கு அது நிறைமாதம். அவர்களைச் சுற்றி ஏழெட்டுக் குடிசைகள், எல்லாம் கூலிக்காரர்கள். அவர்களுக்குக் குளத்தில் பங்கு கிடையாது, கூட்டத்தில் இடமும் கிடையாது.

அந்த ஐப்பசியில் மழை விடவேயில்லை. குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகத் தெற்கே கலிங்கு இருக்கிறது. அந்தக் கலிங்கின்மேல் மண் மூட்டைகளை அடுக்கி அடைத்திருந்தது. வழிய வேண்டிய தண்ணீர் வழியாமல் நின்று கரையைத் தள்ளியது. மூட்டைகளை எடுக்கப் பத்து ஆளாவது வேண்டும். கூட்டத்தின் வார்த்தை இல்லாமல் கலிங்கில் யாரும் கை வைக்கக் கூடாது, அது பழைய கட்டு.

மத்தியானம் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. குப்பண்ணன் ஆட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். சின்னையன் நனைந்து, முழங்கால் வரைக்கும் சேறோடு உள்ளே வந்தான். வந்தவன் குப்பண்ணன் பேச்சை வெட்டி, கரை என்று கத்தினான். அந்த ஒரு வார்த்தைதான். நான் சொம்பை நீட்டினேன்.

"மொதல்ல சூடு ஆறட்டும்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வாங்கி ஒரு வாய் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அடுத்தது தன்னைத்தான் கூப்பிடுவேன் என்று நம்பியிருப்பான். நான் குப்பண்ணனை முடிக்கச் சொன்னேன். அவன் ஆடு முடிந்ததும் அடுத்தவன் ஆடு வந்தது. அதற்குப் பிறகு தூர்வாராதவர்களுக்கு என்ன தண்டம் என்று கேட்டேன். அது நீளும் என்று தெரிந்துதான் கேட்டேன். சின்னையன் என்னைப் பார்ப்பான், வாசலைப் பார்ப்பான், திரும்ப என்னைப் பார்ப்பான்.

"கன்னம் ரெண்டும் பணியாரமாட்ட இருக்குது பாரு" என்று பின்னால் எவனோ சொன்னான். சிரித்தார்கள்.

அவன் எழுந்து தரையிலேயே துப்பினான். கலிங்கு அடைத்துக் கிடக்கிறது, கரை ஊறுகிறது, பள்ளத்தில் பிள்ளைகுட்டிகள் இருக்கின்றன, பத்துப் பேர் வாருங்கள் என்று சொன்னான். எல்லாருக்கும் கேட்டது. நான் குரலை உயர்த்தவில்லை.

"துப்புனவன் பேச்சு செல்லாது" என்றேன். "ஒக்காருங்க எல்லாரும்."

உட்கார்ந்தார்கள். அறுபது பேரும் காது உள்ளவர்கள்தான். அவர்களையும் கூப்பிட்டு நிறுத்திக் கேட்பீர்களா என்றால், மாட்டீர்கள். மருதாத்தாள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அவன் சொல்றதை ஒருக்காப் போயிப் பாத்துட்டு வந்தாத்தான் என்ன கெட்டுப்போச்சு?" என்றாள்.

அவளுக்கும் சொம்பை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். இன்றைக்கு உங்களிடம் வந்து ஒப்பாரி வைக்கிறவள் அன்றைக்கு வாங்கி வைத்துக்கொண்டாள், அதையும் எழுதுங்கள்.

சின்னையன் ஓடினான். நான் தண்டத்தைப் பற்றித் தொடர்ந்தேன். கரை போன சத்தம் ஒன்றும் பெரிதாக இல்லை. வண்டியைச் சாய்த்துக் கல்லைக் கொட்டினால் எப்படியோ அப்படித்தான். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அன்றைக்கு ஒருத்தனையும் நான் அடக்கவில்லை.

குடிசைகள் இருந்த இடம் தெரியவில்லை. குடிசைக்காரி பூவாத்தாளும் அவள் பெண்கள் இரண்டு பேரும் ஒரே புடவையில் சுற்றிக் கிடந்தார்கள். காளியாத்தாளை இரண்டு நாள் கழித்து மூங்கில் புதரிலிருந்து எடுத்தார்கள். சின்னையன் கலிங்குக்குக் கீழே கிடந்தான். மூன்று மூட்டைகளை இழுத்துத் தள்ளியிருந்தான். தனி ஆளுக்கு அது பெரிய காரியம், நான் இல்லை என்று சொல்லவில்லை.

மூட்டைகளை அடுக்கினது யார் என்று ஊர் முழுக்க விசாரிக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். நான்தான் அடுக்கச் சொன்னேன். என் மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏறவில்லை. இன்னும் ஒரு முழம் உயர்ந்து நின்றால் ஏறும், கதிர் வாங்குகிற வரைக்கும் நின்றால் போதும். அடுக்கினவர்கள் பள்ளத்து ஆட்கள்தான், கூலிக்கு வந்தார்கள். இனி அவர்களைக் கேட்க முடியாது. கரை தாங்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று எழுதுங்கள், நம்பினேன் என்று எழுத வேண்டாம். கூட்டத்தை நடத்துகிறவனே கலிங்கை அடைத்தான் என்று அறுபது பேர் முன்னால் அவன் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு என் சொம்பை எவன் கையில் வாங்குவான்? இரைச்சல் திரும்ப வந்துவிடும். மண்வெட்டிப் பிடி திரும்ப வந்துவிடும். எனக்கு ஊர் அமைதிதான் முக்கியம். எதையும் கத்தாமல் சொன்னால் நான் கேட்கிறவன், இது ஊருக்கே தெரியும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. யாரும் பார்க்கவில்லை, நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரியாது. அன்று காலையிலேயே சின்னையன் என் வீட்டுக்கு வந்தான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். செருப்பை வெளியே விட்டு, நான் கை கழுவுகிற வரைக்கும் நின்றான். பிறகு என் பக்கத்தில் வந்து, உள்ளே இருக்கிற பெண்களுக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான்.

"ஏனுங்க மாமா, கலிங்குல மூட்டை கெடக்குதுங்க. கரை ஊற ஆரம்பிச்சிருச்சு. ஆரு அடுக்குனதுன்னு நான் கேக்கலீங்க, உங்க பேரை எங்கேயும் எடுக்கவும் மாட்டேன். எடுத்துப்போட ஆளு மட்டும் குடுங்க. காளியாத்தாளுக்கு இந்த வாரமுங்க."

கூட்டத்தில் வந்து சொல் என்றேன். சரிங்க மாமா என்று போனான். இத்தனை வருஷத்தில் அவ்வளவு தன்மையாக என்னிடம் யாரும் பேசினதில்லை.