எழுத்துப் பக்கம் மேலே இருக்க வேண்டும்

வண்டியைப் பின்னால் எடுக்கும்போது பத்தில் எட்டுப் பேருக்குத் தங்கள் வண்டி எங்கே முடிகிறது என்றே தெரியாது. ஆறு வருடமாக ஹோட்டல் வாசலில் வாட்ச்மேனாக நின்று பார்த்தவன் சொல்கிறேன். நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பேன், அவர்கள் பாட்டுக்குப் போனில் பேசிக்கொண்டே தூணில் கொண்டுபோய் இடிப்பார்கள். இறங்கி முதலில் தூணைத் திட்டுவார்கள். தூண் வாய் திறக்காது என்பதால் அடுத்து என்னைத் திட்டுவார்கள்.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு மேல், வண்டிகள் வெளியேறும் வாசலின் தடுப்புக் கட்டைக்கு முன்னால், காரின் பின்சீட்டில் ஒரு அம்மா இறந்துபோனார். அதில் என் பங்கு என்ன என்பதுதான் உங்கள் கேள்வி. எதையும் மறைக்கப் போவதில்லை. ஆனால் பாஸ் விதிகள் தெரியாமல் படித்தால் நான் கல்நெஞ்சக்காரன் மாதிரி தெரிவேன். அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காரில் வருகிறவர்கள் வண்டியை வெளியே நிறுத்திவிட்டு, நடந்து ரிசப்ஷனுக்குப் போய் பாஸ் வாங்கி வர வேண்டும். அதில் வண்டி எண், அறை எண், தேதி இருக்கும். ஒவ்வொரு நாளும் ஒரு நிறம். அதை ஸ்டியரிங்குக்கு முன்னால், எழுத்துப் பக்கம் மேலே தெரியும்படி வைக்க வேண்டும். குப்புறக் கிடந்தால் அது பாஸ் ஆகாது, பறிமுதல் செய்துவிடுவேன். இடம் குறைவு என்பதால் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். வெளியே போகும்போது பாஸைத் திருப்பித் தந்தால்தான் கட்டை தூக்கப்படும். மொத்தம் பதினான்கு விதி. எல்லாம் நானே உட்கார்ந்து எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கியவை.

பொழுது போகாமல் எழுதவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் பட்டப்பகலில் ஒருத்தன் விருந்தாளியின் காரை ஓட்டிக்கொண்டு எனக்கு ஒரு சல்யூட்டும் வைத்துவிட்டுப் போனான். நானும் திருப்பி வைத்தேன். மேனேஜர் எல்லார் முன்னாலும் என்னை நிற்க வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்கிறேன், ஒரு வண்டி தவறவில்லை. "உங்களுக்கு ரூல்தான் மூத்த தாரம், நான் ரெண்டாவதுதான்" என்பாள் என் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

அந்த அம்மாவும் அவர் கணவரும் திங்கட்கிழமை காலை வந்தார்கள். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவராம். அந்த அம்மாவுக்கு நெஞ்சு நோய். புதன்கிழமை பெரிய டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தார்கள். ஆஸ்பத்திரி எங்கள் ஹோட்டலிலிருந்து காரில் ஐந்து நிமிடம். அதனால்தான் இங்கே அறை எடுத்தோம் என்று வாத்தியாரே என்னிடம் சொன்னார்.

அவர் நேராகப் படிக்கட்டு வரைக்கும் வண்டியைக் கொண்டுவந்துவிட்டார். நான் கை காட்டி நிறுத்தினேன்.

"சார், முதல்ல பாஸ். வண்டிய வெளிய எடுங்க."

"இவங்களுக்கு நடக்க முடியாதுங்க. இறக்கி விட்டுட்டு வந்துடறேன், ரெண்டே நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம்னு சொன்னவங்கள்லாம் ரெண்டு மணி நேரம் நின்னிருக்காங்க சார்."

அவருக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அந்த அம்மா கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.

"விடுங்க. நான் மெதுவா நடந்துக்கறேன். பாவம், அவர் என்ன செய்வாரு. சொன்னதைச் செய்யறாரு."

திட்டு எனக்குப் புதிதில்லை. ஒருத்தர் செருப்பைக் கழற்றியிருக்கிறார். அதையெல்லாம் சட்டைத் தூசி மாதிரி தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். ஆனால் என்னைப் பாவம் என்று யாரும் சொன்னதில்லை. சொன்னதைச் செய்கிறவனாம். பதினான்கு விதியையும் சொன்னவனே நான்தான் என்று அந்த அம்மாவுக்கு யார் சொல்வது? பக்கத்தில் நின்ற மேனேஜர் வேறு களுக்கென்று சிரித்தார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அந்த அம்மா ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துத் தலையசைத்தார். வெயிலில் நிற்கிறேன் என்று அறைப் பையன் மூலமாக ஒரு ஆரஞ்சுப் பழம்கூடக் கொடுத்தனுப்பினார். நல்ல மனுஷி, அதில் சந்தேகமே இல்லை. நான் பழத்தைச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்கு வாத்தியார் புதுப் பாஸ் வாங்கி வந்து வைத்தார். அன்றைக்கு மஞ்சள் நிறம். சரியாகத்தான் வைத்தார், எழுத்துப் பக்கம் மேலே இருந்தது. ஒரு மணி வாக்கில் பின்னால் நின்ற வண்டிக்கு வழி விட அவர் காரை நகர்த்தினேன். இறங்கிக் கதவைச் சாத்தினேன். அந்தக் காற்றில் பாஸ் புரண்டு குப்புற விழுந்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். குப்புறக் கிடந்தால் பாஸ் ஆகாது. யார் கை பட்டுப் புரண்டது என்று விதியில் எங்கும் இல்லை. கதவைத் திறந்து எடுத்துக்கொண்டேன். பறிமுதல் செய்ததைச் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிசப்ஷனில் ஒப்படைப்பது வழக்கம். நீங்கள் என் சட்டைப் பையிலிருந்து எடுத்த மஞ்சள் அட்டை அதுதான்.

மூன்றரை மணிக்கு வாத்தியாரும் அறைப் பையனும் அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாவி கேட்டார். ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் கொடுத்தேன். பையனையே கேளுங்கள். பின்சீட்டில் படுக்க வைத்தார்கள். வாத்தியார் வண்டியைக் கட்டை வரைக்கும் கொண்டுவந்தார். நான் வழக்கம்போலக் கையை நீட்டினேன்.

"இங்கதான வெச்சேன். காணோமே." கீழே குனிந்து தேடினார், சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். "ஐயோ, இங்கதான வெச்சேன்."

"ரிசப்ஷன்ல தொலைஞ்ச பாஸ் படிவம் இருக்கு சார். எழுதி, மேனேஜர் கையெழுத்து வாங்கிட்டு வந்தீங்கன்னா தூக்கிடறேன்."

"மூச்சு விட முடியலங்க அவளால. உங்க கால்ல வேணா விழறேன். போயிட்டு வந்து எழுதித் தரேன்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க சார்."

அவர் ஓடினார். பையன் கட்டையைத் தூக்கப் பார்த்தான், பூட்டின் சாவி என் இடுப்பில் இருந்தது. அவன் என்னை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினான். என் மேஜையில் போன் அடித்தது. ரிசப்ஷனில் இருக்கும் பெண்தான் என்று தெரியும். வாய் வார்த்தையை நம்பிக் கட்டையைத் தூக்கக் கூடாது என்பது பன்னிரண்டாவது விதி. எடுக்கவில்லை.

காருக்குப் பக்கத்திலேயே நின்றேன். விட்டுவிட்டு எங்கும் போகவில்லை. அந்த அம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. தண்ணீர் கேட்டார். என் பாட்டிலைத் திறந்து வாயில் ஊற்றினேன். இதை நீங்கள் விட்டுவிடாமல் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரை ஓட வேணாம்னு சொல்லுங்க. அவருக்கு முழங்கால் வலி" என்றார். அதுதான் கடைசியாகப் பேசியது.

படிவத்தில் எஞ்சின் எண் கேட்டிருக்கும். வாத்தியாருக்கு அது மனப்பாடமாகத் தெரியவில்லை. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். பதினோரு நிமிடம் ஆனது. பையனுக்கு ஆட்டோவும் கிடைக்கவில்லை. வாத்தியார் நொண்டிக்கொண்டே ஓடிவந்து தாளை நீட்டினார். கையெழுத்தைச் சரிபார்த்துவிட்டு உடனே கட்டையைத் தூக்கினேன். அவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு வண்டியை எடுக்கவே இல்லை.

எனக்கு இப்போது தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அவர் நொண்டி ஓடுவது தெரிகிறது. என் மனைவி இரண்டு நாளாக என்னோடு பேசுவதில்லை. நேற்று ஒரே ஒரு தடவை, "பாஸ் பையில இருக்கறது அப்ப ஞாபகம் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அவளுக்கும் நிம்மதி, உங்களுக்கும் வேலை சுலபம். ஆனால் மறக்கவில்லை. அவர் சீட்டுக்கு அடியில் துழாவும்போதும், அந்த அம்மா என் கையைப் பிடித்திருந்தபோதும் அது பையில் இருப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அட்டையின் முனை நெஞ்சில் குத்திக்கொண்டுதான் இருந்தது.

வாத்தியார் ரிசப்ஷனில் கேட்டார், மேனேஜரைக் கேட்டார், பையனைக் கேட்டார். பாஸ் உங்களிடம் இருக்கிறதா என்று என்னை மட்டும் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்த நிமிடமே எடுத்துக் கொடுத்திருப்பேன், ஏனென்றால் எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் இல்லை.