பின்பக்கத்து இரண்டு டயர்கள்

பனிக்காலத்துக்கு டயர் வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். டயர் எப்போதும் கறுப்புதான், அவர்கள் கேட்பது சக்கரத்தின் நிறத்தை. வெள்ளி நிறம் போட்டால் சாலையில் தூவும் உப்பில் மங்கிவிடுமா, கறுப்பு போட்டால் வெண்பனியில் எடுப்பாகத் தெரியுமா என்று கேட்பார்கள். முப்பத்தொரு வருடமாக அசாஹிகாவாவில் டயர்க்கடை நடத்துகிறேன். நிறத்தை விட்டுவிட்டு வேறு கேள்வியில் ஆரம்பித்தவர் என் நினைவில் ஒருவர்தான். அவர் என் மாப்பிள்ளை, மகள் ஷிஹோவின் கணவர் தொமோயா.

"எந்த டயர் போட்டா ஷிஹோ பயப்படாம பக்கத்துல உக்காருவா மாமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. அதற்கு நான் உண்மையான பதிலைத்தான் சொன்னேன். நீங்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், அதிகாரி ஐயா. சொன்ன பதிலில் எந்தத் தவறும் இல்லை.

அவருடையது சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, எஞ்சின் விசை முழுவதும் பின்சக்கரங்களுக்குப் போகும். கோடையில் பத்தொன்பது அங்குலச் சக்கரங்களில் ஓடியது. முந்தைய இரண்டு பனிக்காலங்களிலும் அதைக் கொட்டகையில் போர்த்தி வைத்துவிட்டு, நான்கு சக்கரமும் இழுக்கும் ஒரு சின்னக் காரில் போய்வந்தார்கள். அந்தச் சின்னக் காரைச் செப்டம்பரில் விற்றுவிட்டார்கள். வசந்தத்தில் ஊரை விட்டுக் கிளம்பப்போகிறவர்களுக்கு இரண்டு கார் எதற்கு?

கிளம்பப்போவதை எனக்குச் சொன்னதும் அதே செப்டம்பரில்தான். என் வீட்டுப் பின்புறம் ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தோம். தொமோயா மருத்துவக் கருவிகள் விற்கும் கம்பெனியில் இருந்தார். சொந்த ஊரான ககோஷிமாவுக்கே மாற்றல் கேட்டு வாங்கிவிட்டார். ஜப்பானின் இந்த வடகோடியிலிருந்து அந்தத் தென்கோடி. அங்கே அவருடைய அம்மா தனியாக இருக்கிறார் என்றார். ஷிஹோவின் அம்மா இறக்கும்போது அவளுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு நானும் தனியாகத்தான் இருக்கிறேன். அன்று இந்தக் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"எங்க ஊருல மேல இருந்து விழுறது எரிமலைச் சாம்பல்தான் மாமா. குடையைத் தட்டினா போதும்" என்று சிரித்தார் தொமோயா.

ஷிஹோ வெங்காயத்தைப் புரட்டிக்கொண்டே, "அங்க டயர் மாத்துற வேலையே கிடையாது. அப்பா வந்தா பொழுது போகாம எங்க வாசல்ல சும்மா உக்காந்திருக்கணும்" என்றாள்.

நானும் சிரித்தேன். அந்தப் பேச்சுக்காகத்தான் நான் இதைச் செய்தேன் என்று எழுதிவிடாதீர்கள். அது வெறும் கேலி. சின்ன வயதிலிருந்தே அவள் பேச்சு அப்படித்தான். அவள் பேசியதில் எனக்கு வருத்தமில்லை. பேசிவிட்டு, எரிந்த துண்டைத் தன் தட்டில் போட்டுக்கொண்டு, நல்ல துண்டைத் தொமோயாவின் தட்டில் வைத்தாள். பதினெட்டு வருடம் அதை என் தட்டில் வைத்தவள் அவள். பார்த்தேன், அவ்வளவுதான்.

அக்டோபரில் தொமோயா கடைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். கோடைச் சக்கரத்தின் அளவிலேயே பத்தொன்பது அங்குலத்தில் பனி டயர் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்பது அவர் எண்ணம். நான் மறுத்தேன். சக்கரம் பெரிதானால் டயரின் பக்கச் சுவர் ஒல்லியாகிவிடும், பனியில் மறைந்த பள்ளத்தில் இறங்கினால் விளிம்பு வளையும். ஓர் அங்குலம் குறைத்தால் ரப்பர் சற்று உயரமாக நிற்கும், அகலமும் குறையும். குறுகிய டயர் பனியை வெட்டிக்கொண்டு இறங்கும், அகலமானது மேலே மிதக்கும். அதற்காக இன்னும் குறைத்துப் பதினேழுக்கும் போக முடியாது. அந்தக் காரின் பிரேக் பெரியது, சக்கரத்தின் உள்ளே இடிக்கும். ஆகவே பதினெட்டுதான் சரி. முன்னால் இரண்டு, பின்னால் சற்று அகலமாக இரண்டு. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொன்னா சரிதான் மாமா" என்றார். இப்போது வருகிறவர்களெல்லாம் கைபேசியில் எதையாவது படித்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்துகிறார்கள். அவர் அப்படி இல்லை. என்னை அந்த அளவு நம்பிய வாடிக்கையாளர் வேறு யாரும் இல்லை.

நான்கு புது டயர் வரவழைத்தேன். முன்னால் இரண்டையும் புதிதாகவே பூட்டினேன். பின்னால் பூட்டும்போதுதான் மேல் தட்டில் இருந்த ஒரு ஜோடி கண்ணில் பட்டது.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் சொல்லிவைத்து, வாங்காமல் போன ஜோடி அது. அதே அளவு, அதே அச்சு. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாததால், அச்சிலிருந்து வந்த ரப்பர் முடிகள்கூட உதிரவில்லை. ஆனால் ஒன்பது பனிக்காலமும் அடுப்பின் புகைக்குழாயை ஒட்டியே கிடந்தது. பனி டயருக்கு உயிர் அதன் மென்மையில் இருக்கிறது. குளிரிலும் இளகி, பனிக்கட்டியை ஒட்டிப் பிடிக்க வேண்டும். சூட்டில் கிடந்தால் அது இறுகிப்போகும். கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் அழுத்தினால் தெரியும். ரப்பரின் இறுக்கத்தை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். புது டயர் நாற்பத்தைந்து காட்டியது, இவை எழுபதைத் தாண்டின. செருப்பின் அடித்தோல் மாதிரி.

டயர் பிறந்த வாரத்தையும் வருடத்தையும் நான்கு எண்களில் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பார்கள். இந்த ரகத்தில் அது உட்பக்கம் போய்விடும். காரின் அடியில் படுத்தால்தான் படிக்கலாம். பூட்டினேன். புது இரண்டும் இன்னும் உறை கிழியாமல் அதே தட்டில் இருக்கின்றன. போய்ப் பார்க்கலாம்.

சும்மா ஒரு வழுக்கு வழுக்கட்டும், பயந்துபோய்க் கிளம்புவதைத் தள்ளிப்போடட்டும் என்றுதான் நினைத்தேன். முதல் நாள் விசாரணையில் உங்களிடம் இப்படித்தான் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. பயப்படுகிறவர்கள் சீக்கிரம் கிளம்புவார்களே தவிர, தங்கமாட்டார்கள். அது எனக்கு அப்போதே தெரியும்.

நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம் தொமோயா வந்தார். "பின்பக்கம் கொஞ்சம் வழுக்குற மாதிரி இருக்கு மாமா. என் கை பழகலையோ?"

அவருக்குப் பின்சக்கரக் காரில் பனி ஓட்டிப் பழக்கமில்லை. அதைத்தான் அவரும் சொன்னார், பாருங்கள். குறையைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்டார். புது ரப்பர் இருநூறு கிலோமீட்டர் ஓடினால்தான் மேல்தோல் உரிந்து பிடிக்கும் என்றேன். அது புது டயருக்கு உண்மைதான். "முன்னாடி நல்லா பிடிக்குதுல்ல, பயப்படாதீங்க மாப்பிள்ளை. இறக்கத்துல பின்னாடி நழுவுதுன்னு தோணினா, சட்டுனு ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க" என்றேன்.

அந்தக் காரில், அந்த டயரில், இறக்க வளைவில் சட்டென்று காலை எடுத்தால் பாரம் முன்னால் பாயும். பின்பக்கம் லேசாகித் தனியே சுற்றிவிடும். அவர் தலையாட்டிவிட்டு, நான் சொன்னதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். டயரைவிட அந்த ஒரு வாக்கியம்தான் அதிகம் வேலை செய்தது என்று நினைக்கிறேன்.

டிசம்பர் இரண்டாம் ஞாயிறு காலை, கணவாய்க்கு அந்தப் பக்கம் இருந்த நண்பர்களிடம் விடைபெற்று வரத் தொமோயா கிளம்பினார். தனியாகப் போவதாக ஏற்பாடு. ஞாயிறுகளில் ஷிஹோ கடை ஆட்களுக்குச் சமைக்க வருவாள். அன்றும் பன்றிக்கறி சூப் வைத்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாள் வெயிலடித்துப் பனி உருகியிருந்தது. காலையில் அது கண்ணாடியாக உறைந்து கிடந்தது. தொமோயா காற்று பார்த்துப்போகக் கடைக்கு வந்தார். நான்கு சக்கரத்துக்கும் நானே காற்றுப் பார்த்தேன். கிளம்பும் நேரத்தில் ஷிஹோ கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நானும் போயிட்டு வரேன்ப்பா. சூப்பு அடுப்புல இருக்கு, தீயைக் குறைச்சு வச்சிருக்கேன். பன்னெண்டு மணிக்கு எடுத்துச் சாப்பிடுங்க."

ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டாள். தொமோயா கண்ணாடியை இறக்கி, சாயங்காலம் வந்துவிடுவோம் என்றார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் மறுபடி மறுபடி நிறுத்துகிறீர்கள். தடுக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று கேட்கிறீர்கள். நிறையவே இருந்தது. கையில் காற்றுக்குழாய் இருந்தது, கார் இரண்டடி தூரத்தில் நின்றது. டயரில் ஒரு சின்னக் குறை, இறங்குங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் தொமோயா குனிந்து பார்ப்பார். பார்த்தால் என்ன குறை என்று கேட்பார். ஷிஹோ டயர்க்கடையில் வளர்ந்தவள், அவளும் குனிவாள். அப்புறம் ஏப்ரலில் இருவரும் போய்விடுவார்கள். திரும்பி வரவே மாட்டார்கள். இதையெல்லாம் நிதானமாக யோசித்தேன். யோசித்துவிட்டு, தெருவில் வேறு வண்டி வருகிறதா என்று பார்த்து, போகலாம் என்று கையசைத்தேன்.

பன்னிரண்டு மணிக்குச் சூப்பை எடுத்துச் சாப்பிட்டேன். உப்பு சரியாக இருந்தது.

கணவாயின் இறக்கத்தில் மூன்றாவது வளைவில் கார் சுற்றி, எதிரே வந்த மரம் ஏற்றும் லாரியில் ஓட்டுபவர் பக்கமாக மோதியது. தொமோயா அங்கேயே இறந்தார். ஷிஹோவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. தலையில் பட்ட அடியால் பேச்சு போனது, வலது கையும் விழுந்தது. வயிற்றில் மூன்று மாதக் குழந்தை இருந்ததாக மருத்துவர் சொன்னார். அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு ஏதாவது ஏற்பாடு செய்திருப்பேன்.

போக்குவரத்துப் போலீஸார் டயரின் மேல் வெட்டியிருக்கும் பள்ளங்களின் ஆழத்தை அளந்தார்கள். ஒன்பது மில்லிமீட்டர், பழுதில்லை. தொழில் தெரிந்தவன் என்று என்னிடமும் கருத்துக் கேட்டார்கள். தென்னாட்டு ஆள், பின்சக்கரக் கார், பழக்கமில்லை என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். யாரும் நகத்தால் அழுத்திப் பார்க்கவில்லை.

மார்ச்சில் ஷிஹோவை வீட்டுக்கு அழைத்துவந்தேன். கல்யாணத்துக்கு முன்பு அவள் இருந்த அறைதான். கதவை அகலப்படுத்தினேன், படிக்குப் பதில் சரிவு வைத்தேன். காலையில் துடைத்துவிடுவேன், கஞ்சி ஊட்டுவேன். கடையை மதியத்தோடு மூடிவிடுவேன். மற்றவர்கள் பிள்ளைகளை வருடம் ஒருமுறை பார்க்கிறார்கள். எட்டு மாதமாக நான் என் பெண்ணை ஒரு நாள்கூடப் பிரியவில்லை. ஒருமுறைகூட அவள் முகம் சுளித்ததில்லை. என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்ப்பாள். வலி இருக்கும்போது அப்படித்தான் என்று நர்ஸ் சொன்னார்.

அந்த இரண்டு டயரையும் ஏன் அழிக்கவில்லை என்று கேட்டீர்கள். உடைந்த காரோடு அவையும் என்னிடம்தான் வந்தன. கிழியவில்லை, தேயவில்லை. நல்ல பள்ளம் உள்ள டயரை எறிய எனக்குக் கை வராது, தொழில் புத்தி. பின் கொட்டகைச் சுவரில் சாய்த்து வைத்தேன். மாலையில் காற்று வாங்க அந்த வழியாகத்தான் அவளுடைய சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவேன். கோடையில் ஒருநாள் கொட்டகை அருகே, நிறுத்து என்பதுபோல் இடது கையால் நாற்காலியின் சக்கரத்தைப் பிடித்தாள். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அப்படியே செய்தாள். கணவனை நினைத்துக்கொள்கிறாள் என்று எண்ணி, அவளைத் தனியே விட்டுவிட்டுச் சற்றுத் தள்ளி நிற்பேன். அவள் அந்த நான்கு எண்களைப் படித்திருக்கிறாள். பிறகு விரலால் அழுத்தியும் பார்த்திருக்கிறாள். வியாழக்கிழமைகளில் வரும் நர்ஸ் கையில் ஒரு கடிதத்தை எழுதிக் கொடுத்து, அதை உங்களுக்கு அனுப்பியிருக்கிறாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். இனாகாகி ஷூஸோ ஆகிய நான், தொமோயாவைக் கொல்ல வேண்டும் என்றே அந்த டயர்களைப் பூட்டினேன். என் பெண் ஏறியதைப் பார்த்த பிறகும் வண்டியை அனுப்பினேன். கையெழுத்துப் போடுகிறேன்.

தொமோயாவின் அம்மா வந்து அவளை ககோஷிமாவுக்கு அழைத்துப்போகிறார் என்கிறீர்கள். அவளே எழுதிக் கேட்டாளாம். நோய் அப்படிக் கேட்க வைக்கும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிதத்தைப் பற்றித்தான் ஒன்று கேட்க வேண்டும். நான்கு பக்கம் என்றீர்கள், வலது கையால் எழுதியது என்றீர்கள். அந்தக் கை திரும்பாது என்று மருத்துவர் கைவிட்டிருந்தார். காலையும் மாலையும் வெந்நீரில் வைத்து ஒவ்வொரு விரலாக நீவிவிட்டவன் நான். வழக்கு முடிந்த பிறகாவது அதன் நகல் ஒன்று எனக்குக் கிடைக்குமா? என் பெண் என்னைப் பற்றி இவ்வளவு நீளமாக இதுவரை எதுவும் எழுதியதில்லை.