சோலாருக்கு ஆயுத பூசை

"அலோ... மாமா, கத்தாதீங்க... ஆமா... ஆமாமா, கயல்தான் பேசுறேன். உங்க நம்பர பாத்தாலே போன ஒரு முழம் தள்ளி வச்சுதான் எடுக்குறேன். சொல்லுங்க..."

சிதம்பரத்தில், சோலார் பம்பு பொருத்தித் தரும் கம்பெனியில் கயல்விழிக்கு வேலை. எதிர்முனையில் ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கத்திலிருந்து அவளுடைய தாய்மாமன் சடையப்பன். அரசாங்க மானியத்தில் அவர் ஊருக்கு வந்த முதல் சோலார் பம்பு அவருடையதுதான். மருமகள் கயல்விழியின் பேச்சை நம்பி டீசல் இன்ஜினை விற்றுவிட்டிருந்தார்.

"என்னாது, நேத்து காலையிலேர்ந்து தண்ணி வரலியா?... நாத்து?... நுனி சுருண்டுடுச்சா! ஐயோ... தெரியும் மாமா, நாத்து போனா இந்த வருசம் சம்பா போச்சு... யாரு, பக்கத்து கொல்ல சின்னையன் மாமாவா? சிரிக்கிறாரா?... அவுங்க யாரும் சோலாருக்கு மனு போடப் போறதில்லியாமா?... சரி, சரி."

கயல்விழி பயந்துபோனாள். குரலில் மட்டும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

"வெயில் அடிக்கிதா?... மண்டைய பொளக்குதா? அப்ப சூரியன் மேல தப்பில்ல. பேனல் மேல குப்ப கிப்ப?... முந்தாநாள் ஆயுத பூசைக்கு கழுவுனீங்களா? சபாஷ்... கழுவிட்டு?... சந்தனமா? எத்தன பேனலுக்கு?... எல்லாத்துக்குமா! மூணு மூணு பட்டையா!... வாழக்கன்னு வேறயா? அதுவும் பேனலுக்கு முன்னாடியேவா?... நல்லா இருக்கு மாமா. கண்ணால மாப்பிள்ள கணக்கா ஜோடிச்சு உக்கார வச்சுட்டு, வேல செய்யலன்னு திட்டுறீங்களே!

...தொடைக்க மாட்டீங்களா? சாமி குத்தமா?... பொங்கலுக்கு யாருக்கு படைக்கிறீங்க?... ஆங், அதே சூரியன்தான். அவரு வர்ற வாசல்லயே சந்தனத்த அப்பிட்டா எப்புடி உள்ள வருவாரு?... ஆமா, ஆமா, கன்னத்துல போட்டுக்குங்க. மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. ஈரத்துணி போதும்... ஐயய்யோ, கம்பிநாரு வேணாம்!... வாழக்கன்ன அவுத்து மாட்டுக்கு போடுங்க.

...ஆச்சா?... இப்ப சுவிட்ச போடுங்க... மாமா?... மாமா, லைன்ல இருக்கீங்களா?"

தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் கயல்விழிக்கு உயிர் வந்தது.

"அலோ... அத்த, நீங்களா? மாமா எங்க?... நாத்தங்காலுக்கு ஓடிட்டாரா!... சின்னையன் மாமா, மனு எங்க குடுக்கணும்னு கேக்குறாரா?... வரச் சொல்லுங்க, வரச் சொல்லுங்க... என்னாது? கோளாற மாமா தானாவே கண்டுபிடிச்சதா சொல்றாரா! எப்புடியாம்?... கனவுல சூரியன் வந்து சொன்னாராமா?

...இல்ல அத்த, கோவம்லாம் இல்ல. போன அவருகிட்ட கொண்டு போய் குடுங்க. சூரியன் சிதம்பரத்துலேர்ந்து பேசுறாருன்னு சொல்லுங்க... அலோ?... அலோ?... கட் பண்ணிட்டாரு!"