சித்ரலேகா எழுதிய பக்கங்கள்

"மாமா, நீங்க வரலன்னா இது இப்படியே செத்துக் கெடக்குமா?" என்று ராதாபுரத்தில் ஒரு சிறுமி கணினித் திரையைக் காட்டி என்னைக் கேட்டாள். அங்கே அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ளும் கண்ணனின் மகள். நான் சிரித்துவிட்டு, அவளுக்கென்று வாங்கிப் போயிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்தேன். குழந்தைகள் இருக்கிற வீட்டுக்கு நான் வெறுங்கையோடு போவதில்லை.

என் பெயர் ஐயம்பெருமாள். பேட்டையில் கணினி வகுப்பு நடத்துகிறேன். ரத்தம் கொடுக்கச் சம்மதித்தவர்களின் பெயர்களை ஊர்வாரியாகத் தேடித் தரும் மென்பொருள் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் எழுதினோம். கூலி இல்லை, விலையும் இல்லை. யாரும் நகலெடுக்கலாம், திருத்தலாம் என்று சொல்லி, மென்பொருளின் மூல வரிகளையும் சேர்த்தே ஃபிளாப்பியில் கொடுத்தோம். அதைப் பிரித்துப் படிக்க இந்தப் பக்கத்தில் ஆள் இல்லை என்பது வேறு விஷயம். நண்பர்கள் வேலைக்கு வெளியூர் போனார்கள். நான் இருந்தேன்.

அதில் ஒரு கோளாறு. மின்சாரம் சட்டென்று போய் வந்தால் பட்டியல் காலியாகத் தெரியும். பெயர்கள் உள்ளேயேதான் இருக்கும். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். உடனே எனக்குப் போன் வரும். பஸ் பிடித்துப் போவேன். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நேரில் போவதுதான் மரியாதை. கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அவர்கள் கண் திறக்கும்போது பட்டியல் வந்திருக்கும். காப்பிகூட வாங்கிக் குடிக்கமாட்டேன். இப்படிப்பட்ட சின்ன உதவிகளில்தான் உலகம் நிற்கிறது என்று நம்புகிறேன்.

கல்லிடைக்குறிச்சியில் பட்டியலைப் பார்த்துக்கொண்டவள் சித்ரலேகா என்ற பள்ளி ஆசிரியை. கும்பிடச் சொன்னபோது கண்ணை மூடாதவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் அந்த மென்பொருளுக்குத் தன் கைப்பட எழுதிய வழிகாட்டி ஒன்றைக் கொண்டுவந்தாள். எல்லாம் இருந்தது. அந்த மூன்று விசைகளும் இருந்தன.

"செஞ்சவங்கதாம்மா இதெல்லாம் எழுதணும்," என்றேன்.

"நீங்க எழுதினா ஒங்களுக்குத் தெரிஞ்சதத்தான் எழுதுவிய அண்ணாச்சி. தெரியாம முழிச்சவ எழுதினாத்தான் அடுத்து முழிக்குதவளுக்கு வெளங்கும்."

தப்பிருந்தால் ஊரெல்லாம் பரவிவிடும், திருத்தித் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் நகல் வைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் என்று சொல்ல முடியாது. வெயிலில் ஊர் ஊராக அலைந்தவன் நான். நாலு தாளை எழுதி என்னை வேண்டாதவனாக்க வந்தவளுக்கு உட்கார நாற்காலி போட்டு மோரும் கொடுத்தேன். பொறுமைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மாதங்கள் கழித்து வந்து, என் மாணவர்கள் முன்னால் கத்தினாள். "இன்னுமா திருத்துதிய? என்ன, கும்பாபிஷேகத்துக்கு நாள் பாக்குதியளா? ஒரு உசுரு போகப் போவுதுன்னா ஒங்க கையெழுத்துக்காகக் காத்துக் கெடக்குமா?"

நான் குரலை உயர்த்தவில்லை. தவறான வழிகாட்டி போனால் பட்டியலே அழிந்துவிடும், அந்தப் பாவம் உன்னைத்தான் சேரும் என்று பதமாகச் சொன்னேன். பயந்து போய்விட்டாள்.

அந்த ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்க் காட்டில் தங்கியிருந்தேன். அங்கே போன் கிடையாது. ராதாபுரத்தில் பிரசவத்துக்கு வந்த இசக்கியம்மாவுக்கு உதிரம் நிற்கவில்லை. எளிதில் கிடைக்காத ரத்த வகை. மின்சாரம் போய் வந்திருந்தது. கண்ணன் பட்டியலைத் திறந்தான். காலி. பூட்டிய என் வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

நான் மலையிறங்குவதற்கு முன்பே அவள் இறந்துவிட்டாள். இறங்கியதும் ராதாபுரம் போனேன். அழுத்தினேன். அவளுடைய வகையில் முதல் பெயர் எலியேசர். ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெரு.

"நான்தான் எதையாச்சும் அமுக்கித் தொலைச்சிட்டனா அண்ணாச்சி?" என்று கண்ணன் அழுதான்.

"விடுடே. யாருக்கும் வாறதுதான்," என்றேன். அவனை மன்னித்துவிட்டேன். அதன்பிறகு அவன் கணினி இருக்கும் அறைக்கே போவதில்லை. அவனுக்குச் சித்ரலேகாவைத் தெரியாது. அவளுக்கு இந்தச் சாவு தெரியாது. எல்லா ஊருக்கும் நடுவில் நான் ஒருவன்தான்.

முழுதாகச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கோளாற்றை நான் முந்தின வருஷமே சரிசெய்திருந்தேன். ஒருநாள் வேலை. புது நகல் எல்லா ஊருக்கும் போயிற்று. போன் நின்றுவிட்டது. கோடை முழுக்க ஒருவர்கூட, இருக்கிறாயா செத்தாயா என்று கேட்கவில்லை. அடுத்த நகலில் கோளாற்றைப் பழையபடி வைத்தேன். நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இசக்கியம்மாவுக்குப் பட்ட கடனைத் தீர்த்துவிட்டேன். என்னைத் தெரியாத ஓர் ஊரில், வேறு பெயர் சொல்லி, ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். யாரும் பார்க்கவில்லை. என் வகை அவளுக்குச் சேராது. மனசுதானே முக்கியம்.

வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து. பட்டியல் காலி என்றார்கள். சித்ரலேகாவின் பக்கங்கள் பூஜை அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. இன்னும் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

"ஒண்ணையும் தொடாதிய, இதோ வாரேன்," என்றேன். கூப்பிட்டவர்களைக் கைவிட என்னால் முடிவதில்லை.