திரைச்சீலை ஓரத்தில் அலை

மச்சான்: அக்கா எங்க மாமா?

மாமா: கடைக்குப் போயிருக்கா. கதவைச் சாத்து, காத்துல நூல் பறக்குது.

மச்சான்: இது... நீங்களா தைக்கிறீங்க?

மாமா: பின்ன, மெஷின் தானா தைக்குமா? நீ என்ன திடீர்னு இந்தப் பக்கம்?

மச்சான்: சும்மாதான்... இந்த வேலை எப்ப முடியும் மாமா?

மாமா: ஏன், உன் பேன்ட் எங்கயாவது கிழிஞ்சிருக்கா?

மச்சான்: அதெல்லாம் இல்ல. சும்மா கேட்டேன். இந்த மெஷின் ரொம்ப கனமோ?

மாமா: கனமா இருந்தா உனக்கென்ன, தலையில தூக்கி வெச்சுக்கப் போறியா? வந்தவன் வந்தே, இதைப் பாரு. அலை படம் போட்ட நம்பர்லதான் திருப்பி வெச்சிருக்கேன். துணியில வர்றது அலையா?

மச்சான்: ...கம்பளிப்பூச்சி மாதிரி இருக்கு.

மாமா: ஒரே இடத்துல குமிஞ்சு நின்னுக்குது. பிடிச்சு இழுத்தா ஊசி ஒடியுது. கூட வந்த புத்தகத்தைப் பாத்தேன். எட்டு மொழியில எழுதியிருக்கான், ஒண்ணு கூட எனக்குப் புரியிற மொழி இல்ல.

மச்சான்: இழுக்காதீங்க. துணி தானா நகரும். கையைச் சும்மா மேல வெச்சுக்கிட்டாப் போதும்.

மாமா: அதைத்தான் நானும் தினம் சொல்றேன். கார் ஓட்டக் கத்துக்க வர்றவங்ககிட்ட... ஸ்டியரிங்கைக் கட்டிப் பிடிக்காதீங்கன்னு.

மச்சான்: பெடலையும் இந்த மிதி மிதிக்கக் கூடாது. உங்ககிட்டக் கத்துக்கிட்டவங்க ரோட்டுல எப்படிப் போறாங்களோ, பாவம்.

மாமா: வாயைக் குறைச்சுட்டு அந்த முனையைப் பிடி.

மச்சான்: இது கூடத்து ஜன்னல் திரைதானே? இந்தப் பக்கத்து ஓரம் அக்கா தைச்சதா?

மாமா: ம்.

மச்சான்: நல்லாத்தானே இருக்கு.

மாமா: ஆமா... நல்லாத்தான் இருக்கு.

மச்சான்: ஃபுட்டை மாத்தினீங்களா?

மாமா: எதை?

மச்சான்: ஊசிக்குக் கீழ துணியை அமுக்கிப் பிடிக்குதே, அதை. அடிப்பக்கம் பள்ளம் வெச்சது ஒண்ணு டப்பாவுல கிடக்கும். இவ்வளவு நெருக்கமா தைச்சா தையல் தடிச்சுடும் இல்லையா, அது அந்தப் பள்ளத்து வழியா நழுவிப் போகணும். இல்லேன்னா முட்டிக்கிட்டு நிக்கும்.

மாமா: லோடு வண்டி ஓட்டுறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

மச்சான்: அக்கா சொல்லியிருக்கா.

மாமா: எப்ப?

மச்சான்: எப்பவோ... டப்பா எங்க?

மாமா: இந்தா. ஆனா இது மட்டும் இல்லடா. நீல நூல்தான் மேல கோத்தேன். நடுவுல வெள்ளை எட்டிப் பாக்குது, அது எங்கேருந்து வருது?

மச்சான்: அது அடிநூல். மேல் நூல் இறுக்கமா இருக்கு, அதான் அடியில இருக்கிறதை மேல இழுக்குது. குமிழைக் கொஞ்சம் தளர்த்துங்க.

மாமா: இறுக்கினாத்தானே ஒழுங்கா நிக்கும்? நான் இன்னும் இறுக்கிட்டேனே.

மச்சான்: இறுக்க இறுக்கச் சுருங்கத்தான் செய்யும் மாமா.

மாமா: யாரைச் சொல்றே?

மச்சான்: ...துணியைத்தான். அடியில ஒரு மெல்லிசுத் தாளையும் வைங்க. தைச்சு முடிச்சுக் கிழிச்சு எடுத்துடலாம். முதல்ல வேற துணியில ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் திரைக்கு வாங்க.

மாமா: திரையிலதான் ஏற்கெனவே ரெண்டு தடவை தைச்சுப் பிரிச்சாச்சே.

மச்சான்: மாமா... கடைக்குப் போனவ சீப்பையுமா எடுத்துட்டுப் போவா? கண்ணாடிகிட்ட ஒண்ணையும் காணோம்.

மாமா: அந்தக் கத்திரிக்கோலை எடு.

மச்சான்: சொல்ல வேணாம்னா விடுங்க.

மாமா: எங்க டிரைவிங் ஸ்கூல் ஆளுங்க சாப்பிட வந்தாங்க. அதுல ஒருத்தர், இந்தத் திரை யார் தைச்சதுன்னு கேட்டார். வீட்டுக்காரிதான், கோழி கிளறின மாதிரி இருக்கில்லன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அவளும்தான் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே பரிமாறினா. மறுநாள் சாயங்காலம் வந்து பாக்கிறேன், ஆளைக் காணோம். திரையைக் கழட்டி மடிச்சு இந்த மெஷின் மேல வெச்சிருக்கா. ஒண்ணும் விளங்கலை. சிரிச்சவ ஏன்டா போனா?

மச்சான்: நீங்க அவகிட்ட கேக்கலையா?

மாமா: போனை எடுத்தாத்தானே.

மச்சான்: அதுக்கு இங்க உக்காந்து தைச்சா ஆச்சா?

மாமா: அவ ஒரு பக்கத்து ஓரம் மட்டும்தான் முடிச்சு மாட்டியிருந்தா. இது என்ன பெரிய வித்தைன்னு மிச்சத்தை நானே தைச்சுக் காட்டலாம்னுதான் உக்காந்தேன்... அன்னைலேருந்து ஒரு சாண் உருப்படியா வரலை. இப்ப காட்டுறதுக்கெல்லாம் இல்லடா. அவ இதை எப்படித் தைச்சான்னு தெரிஞ்சாப் போதும்னு இருக்கு.

மச்சான்: எத்தனையோ தடவை பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சாளாம்.

மாமா: அப்படியா? நான் கவனிச்சதே இல்லையே... அதையும் உன்கிட்ட எப்பவோதான் சொன்னாளா?

மச்சான்: பெடலை மிதிங்க மாமா. மெதுவா... இன்னும் மெதுவா. ஊசியைப் பாக்காதீங்க, துணி ஓரத்தைப் பாருங்க.

மாமா: வருதுடா.

மச்சான்: பேசாம தைங்க.

மாமா: ஒரு வளைவு... அடுத்தது... இது லேசா கோணிக்கிச்சு.

மச்சான்: கோணட்டும். நிறுத்தாதீங்க.

மாமா: உன் போன் ரொம்ப நேரமா அடிக்குது.

மச்சான்: அடிக்கட்டும். நீங்க தைங்க.

மாமா: எடுத்துப் பேசுடா. அவசரமா இருக்கப் போகுது.

மச்சான்: ...ஹலோ. உங்க வீட்லதான் இருக்கேன்க்கா... இல்ல, மெஷினை இன்னும் ஏத்தலை. வண்டி கீழதான் நிக்குது... நீ எடுத்துட்டு வரச் சொன்னே, சரிதான், அதுக்குத்தானே வந்தேன். ஆனா இப்ப ஏத்த முடியாதுக்கா... ரிப்பேரெல்லாம் இல்ல. உன் திரைக்கு மிச்ச ஓரம் தைச்சுக்கிட்டிருக்காரு... யாரா? மாமாதான்க்கா... இரு, போனை மெஷின்கிட்ட வெக்கிறேன், நீயே கேளு.