பதினாலாம் நம்பர் சட்டை

நகர வேணாம் தம்பி, இடம் போதும். எங்க ஊருக்கு நடந்த அநியாயத்த வரிசையாச் சொல்லிட்டு வந்தேன்ல, முழுசாக் கேளு. முதல்ல எங்க கேரி ஊர்ல உருக்காலையப் பாதி மூடுனான். ரெண்டாவது, பள்ளிக்கூடங்கள மூடி எல்லாப் புள்ளைங்களையும் ஒண்ணுல அடைச்சான். மூணாவது நீங்க, காலேஜ் கோச்சுமாருங்க. முன்னெல்லாம் குளிர்காலத்துல எங்க பள்ளிக்கூட ஜிம்முக்கே வந்து, பனி ஒட்டுன பூட்ஸோட பலகையில உக்காந்து, பாப்கார்ன் தின்னுக்கிட்டே பாஸ்கெட்பால் பாத்து ஆள் எடுப்பீங்க. இப்ப அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கறதில்ல. நாலாவதா? இருக்கு. வரிசை தப்பக் கூடாது, வரேன்.

என்னது, எத்தன ஊருக்குத்தான் அலையறதா? அதானே, பாவம் நீ. இங்கன்னா ஒரே கூரைக்குக் கீழ எட்டு கோர்ட்டு, ஜூலை மாசத்துல ஜில்லுன்னு ஏசி. ஆடறது எதுவும் பள்ளிக்கூட டீம் இல்ல, காசு கட்டி ஊர் ஊராச் சுத்தற கோடைக்கால டீமு. பேரப் பாரு, எல்லாமே எலைட்டு. எலைட்டு இல்லாத டீம் ஒண்ணு காட்டு, நான் எந்திரிச்சுப் போயிடறேன். சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கறவன் மாதிரி நீங்க பையனோட கை நீளம் பாக்கறீங்க.

சிரிக்கிற. சிரி, சிரி. முப்பது வருசம் ஆலை வாசல்ல தொழிற்சங்க நோட்டீஸ் குடுத்தவன் நான். வாங்கிச் சிரிச்சவனையும் பாத்திருக்கேன், கசக்கி எறிஞ்சவனையும் பாத்திருக்கேன். நான் படிச்ச படிப்பெல்லாம் அந்த நோட்டீஸுதான். அதுல ஒண்ணு கத்துக்கிட்டேன்: முதலாளி வேர்வைய எடுத்துக்குவான், பேர மட்டும் வெளிய விடமாட்டான்.

அட, பதினாலாம் நம்பரப் பாத்தியா! நடுவுல பூந்து பந்தப் பறிச்சான், தானே போட்டிருக்கலாம், பின்னால வந்தவனுக்குக் குடுத்தான் பாரு. என்ன, மூணு நாளா அவனத்தான் பாக்கறியா? போன்ல வேற குறிச்சு வச்சிருக்க. மறைக்காத, எனக்குக் கண்ணு நல்லாவே தெரியும். ஹாஸ்கெல்னு எழுதியிருக்க. சட்டை முதுகுலயும் அதானே போட்டிருக்கு.

தம்பி, ஹாஸ்கெல் இங்க இல்ல. கணுக்கால் சுளுக்கி, வீட்ல ஐஸ் கட்டி வச்சுக்கிட்டுப் படுத்திருக்கான். அவங்கப்பா கார் விக்கிறவரு, இந்த டீமுக்கு வேன் குடுக்கறதே அவருதான். ஆள் குறையுதேன்னு கடைசி நேரத்துல வேற பையனக் கூப்பிட்டு, அந்தச் சட்டையவே மாட்டி விட்டாங்க. புதுச் சட்டை அடிக்க நேரமில்லையாம். மைக்லயாவது சரியான பேரச் சொல்லுங்கய்யான்னு டீம்காரன்கிட்டப் போய் நின்னேன். எதுக்குப் பெரியவரே கொழப்பம், பையன் ஆடுறான்ல, அதுவே பெருசுங்கறான். ஓடுறவன் இவன், காலேஜுலேர்ந்து போன் போறது ஹாஸ்கெல் வீட்டுக்கு! அடுத்த வருசத்தோட பள்ளிக்கூடம் முடியுது, இந்தக் கோடைய விட்டா இவனுக்கு வேற கோடை இல்ல. இன்னிக்குத்தான் கடைசி ஆட்டம். இதான் அந்த நாலாவது.

எனக்கெப்படி இவ்வளவு தெரியும்னா? நான்தானே அவனப் பெத்தவன்.

எங்க எந்திரிக்கிற? ஆமாமா, காலேஜுக்கு ஆள் எடுக்கற சட்டப்படி ஜூலையில பையனோட வீட்டாளுங்ககிட்ட நீங்க பேசப்படாது, பேசினா வேலைக்கே வேட்டு. தெரிஞ்சுதான் முதல்லயே சொல்லல. வாயத் தொறக்காத, சும்மா உக்காரு. காதப் பொத்திக்கணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்ல.

இந்தா, பையிலேர்ந்து எடுக்கறேன் பாரு, இது அவனோட பள்ளிக்கூடச் சட்டை. கொஞ்சம் தள்ளு, பெஞ்சு மேல ஏறணும். கைய விடுய்யா, விழமாட்டேன்.

ஏய், காலேஜ் முத்திரைச் சட்டை போட்ட கோச்சுமாருங்களே! எல்லாரும் இந்தப் பக்கம் திரும்புங்க! நீங்கதான் சாட்சி. அங்க ஆடுற பதினாலு ஹாஸ்கெல் இல்ல. இதுல இருக்கறத வாசிக்கறேன், எழுதிக்குங்க. பெட்டிஃபோர்ட். டேரியன் பெட்டிஃபோர்ட்.